வடிவு கேட்ட மூடுபனி

வடிவு ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னால் கொண்டையை அவிழ்த்துவிடுவாள். கொண்டையோடு மாட்டினால் பட்டை சரியாக உட்காராது, காதுக்கும் பஞ்சுக்கும் நடுவே இடுக்கு விழும், இடது பக்கம் ஒரு மாதிரியும் வலது பக்கம் ஒரு மாதிரியும் கேட்கும் என்பது அவள் கட்சி. மற்ற ஐந்து பெண்களும் வந்த கையோடு மாட்டிக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுவார்கள். இவள் மட்டும் கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டிருப்பாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"இன்னா வடிவு, வேலைக்கு வந்தியா, தலைவாரிக்க வந்தியா?" என்று நான் கேட்காத நாள் கிடையாது.

"தோ ஆச்சு மேடம்" என்பாள். அப்புறமும் ஐந்து நிமிஷம் ஆகும்.

என் பெயர் தேவயானி. ஊர் ஒடுகத்தூர். எனக்குக் கோபம் மூக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள், பொய்யில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஓர் அறக்கட்டளை மலைமேலுள்ள புதூர்நாட்டில் கம்ப்யூட்டர் வேலை மையம் ஒன்றைத் திறந்தது. சாமை மூட்டை அடுக்கிவைத்திருந்த ஒரு பழைய கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, ஆறு கம்ப்யூட்டர் போட்டு, பிளஸ் டூ முடித்த மலைப்பெண்கள் ஆறு பேரை உட்காரவைத்தார்கள். அவர்களை மேய்க்க என்னைக் கீழேயிருந்து கூட்டிவந்தார்கள். நான் அங்கேயே ஒரு அறை எடுத்துத் தங்கி, சனிக்கிழமை ஜீப் பிடித்து ஊருக்குப் போய்விடுவேன்.

எங்கிருந்தோ கம்பெனிகள் படம் அனுப்பும். பார்த்துக் குறிக்கவேண்டும், அவ்வளவுதான் வேலை. தக்காளி காயா பழமா? ரோட்டில் விளக்கு சிவப்பா பச்சையா? புதூர்நாட்டில் சிக்னல் விளக்கு ஏது? ஆனாலும் இந்தப் பெண்கள் ஒரு வருஷத்தில் லட்சக்கணக்கான சிக்னலைக் குறித்துத் தள்ளினார்கள். கம்ப்யூட்டருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறோம் என்று நான் பெருமையாகச் சொல்வேன். "நம்ம புள்ளைங்களுக்கு யாரு மேடம் சொல்லிக்குடுப்பாங்க?" என்று பாஞ்சாலை கேட்பாள். பாஞ்சாலைக்கு வாய் நீளம். வடிவுக்கு அடுத்த நாற்காலி அவளுடையது.

போன வருஷம் ஐப்பசியில் அந்தப் பியானோ வேலை வந்தது. பெங்களூரில் இருந்த ஒரு கம்பெனி அனுப்பியது. பேச்சும் இல்லை, பாட்டும் இல்லை, மொழி தெரியவேண்டாம், காது இருந்தால் போதும் என்றார்கள். சரி என்று நானும் தலையாட்டிவிட்டேன். பியானோவை நாங்கள் யாரும் நேரில் பார்த்ததுகூட இல்லை. சினிமாவில் பணக்காரர் வீட்டு ஹாலில் பார்த்ததோடு சரி.

நூறு வருஷத்துக்கு முன்னால் பிரான்ஸ் தேசத்தில் எழுதிய இசையாம். ஒரே உருப்படியை இரண்டு பேர் வாசித்திருப்பார்கள். திரையில் இடது பெட்டியில் ஒருவர், வலது பெட்டியில் இன்னொருவர். வாசித்தவர் பெயர் இருக்காது. உருப்படியின் தலைப்பு மட்டும் தமிழில் இருக்கும். கிணற்று நீரில் வெயில், தூரத்து மணி, மூடுபனி என்று இப்படியே போகும். இரண்டையும் கேட்டுவிட்டு மூன்று கேள்விக்குக் குறிக்கவேண்டும். எது மெதுவாகப் போகிறது, எது மென்மையாக இருக்கிறது, எது தலைப்புக்குப் பொருத்தமாக இருக்கிறது. கூடவே இருபத்திரண்டு பக்கத்துக்கு ஒரு கையேடும் அனுப்பியிருந்தார்கள். நான் எட்டுப் பக்கம் படித்தேன், மிச்சத்தைப் புரட்டினேன்.

அந்த எட்டுப் பக்கத்தில் 'இம்ப்ரெஷனிஸம்' என்று ஒரு வார்த்தை வந்தது. ஒரு பொருளை இருக்கிறபடியே வரையாமல், அது கண்ணில் பட்ட கணத்தை வரைவது. அதையே இசையிலும் செய்வது என்று எழுதியிருந்தார்கள். நான் சத்தமாகப் படித்துக்காட்டினேன்.

"அதாவது மேடம், பாத்தும் பாக்காத மாதிரி" என்றாள் பாஞ்சாலை. எல்லாரும் சிரித்தார்கள். வடிவு சிரிக்கவில்லை. அவள் ஏற்கெனவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள்.

முதல் நாள் சாயங்காலம் கணக்குப் பார்த்தால், மற்றவர்கள் தலைக்கு அறுபது ஜோடி முடித்திருந்தார்கள். வடிவு பதினொன்று. நான் எழுந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றேன்.

"இன்னாம்மா இது? பதினொண்ணு?"

"இத்த கேளுங்க மேடம்" என்று ஹெட்போனைக் கழற்றி என் காதில் வைத்தாள். கிணற்று நீரில் வெயில். இடது பெட்டியை ஓட்டினாள், பிறகு வலது பெட்டியை. டிங் டிங் என்று ஏதோ கேட்டது.

"கேக்குதுங்களா? தண்ணில வெயில் அசையறப்ப நாம ஒண்ணு ரெண்டுன்னு எண்ண முடியுமா? மொதல்ல வாசிக்கிறவரு எண்றாரு. ஒவ்வொண்ணையும் தனித்தனியா எடுத்து வெக்கிறாரு. பலாக்காய தட்டுனா டங்கு டங்குன்னு வருமே, அப்டி. ரெண்டாவது அம்மா பழுத்த பழத்த தட்றா மாதிரி. அவுங்க கை ஈரமா கீது மேடம். ஒரு சத்தம் காயறதுக்குள்ள அடுத்தத வெக்கிறாங்க."

"வாசிக்கிறது அம்மான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெர்ல. அம்மாவா இருந்தா நல்லா இருக்கும்னு வெச்சிக்கினேன்."

அந்த மலையில் பலாவைத் தட்டிப் பார்க்காமல் யாரும் மரத்திலிருந்து இறக்கமாட்டார்கள். சுளை உள்ளே விட்டுவிட்டதா, இன்னும் பால் ஊறிக்கிடக்கிறதா என்று காதாலேயே சொல்லிவிடுவார்கள். வடிவின் அப்பா அதில் கெட்டிக்காரர் என்று பாஞ்சாலை சொன்னாள். வெளியூர்க் கூலி வேலை இல்லாத மாதங்களில் இரண்டு மரத்துப் பலாவையும் புளியையும் நம்பியே காலத்தை ஓட்டியவர். மகளுக்குக் காது அங்கேயிருந்து வந்திருக்கவேண்டும்.

பத்து நாளில் வடிவு வாசிப்பவர்களுக்கெல்லாம் பெயர் வைத்துவிட்டாள். டங்கு டங்கு என்று வாசிப்பவர் காய்தட்டி. ஈரக்கையோடு வாசிப்பவர் ஈரக்கையம்மா. இன்னொருவர், வாசிக்கத் தொடங்குமுன் மூக்கால் ஒரு மூச்சு இழுப்பார், அதுவும் பதிவில் விழுந்திருக்கும், அவர் மூச்சுக்காரர். எந்த ஜோடி வந்தாலும் நாலு நொடி கேட்டுவிட்டு, "தோ, மூச்சுக்காரரு வந்துட்டாரு" என்பாள். மதியம் சோறு சாப்பிடும்போதும் அதே பேச்சுத்தான். தூரத்து மணியில் காய்தட்டி அடிச்சத்தக் கட்டையை அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருப்பார், சத்தம் நீண்டுகொண்டே போகும், அது அடங்குமுன் கையை எடுக்கமாட்டார், அதில் மட்டும் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பாள். மூச்சுக்காரருக்குப் பொறுமை கிடையாது, ஆனால் எங்கே நிறுத்தவேண்டும் என்று தெரிந்தவர் என்பாள். ஏதோ மாமன் மச்சானைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுவாள்.

"ஏண்டி, ஒங்க வூட்டுக்காரரு எப்டி இருப்பாருன்னு கேட்டா இவ்ளோ சொல்லுவியா?" என்று பாஞ்சாலை வாரினாள்.

"அவரு வாசிக்கட்டும், அப்பால சொல்றேன்."

அவள் வீட்டுக்காரர் பெயர் சக்கரவர்த்தி. பேருக்கேற்ற ராஜ்ஜியம் ஒன்றும் இல்லை, ஒன்றரை ஏக்கர் மானாவாரி. நல்ல மனுஷன். சாமை அறுத்து முடிந்ததும் வருஷா வருஷம் குடகுக்குக் காப்பி பறிக்கப் போவார். கார்த்திகை தீபம் முடிந்த வாரம் மேஸ்திரியின் வேன் மலைக்கு வரும். அந்தத் தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டியாகப் போனால்தான் தனி வீடு கொடுப்பார்கள், தனி ஆளென்றால் கொட்டகை. அதனால் ஊரில் பாதிப்பேர் பிள்ளைகளை ஹாஸ்டலில் விட்டுவிட்டு ஜோடியாக ஏறிவிடுவார்கள். வடிவுக்கும் அவருக்கும் ஒரு பேச்சு இருந்தது. மையத்தில் சீட் இருக்கிறவரை அவள் மலையிலேயே இருக்கலாம், அவர் தனியாகப் போவார். சீட் போய்விட்டால் அவளும் வேனில் ஏறவேண்டும், மகள் தமிழரசியை ஹாஸ்டலில் சேர்க்கவேண்டும். தமிழரசிக்கு அப்போது ஏழு வயசு.

ஹாஸ்டலைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சோறு போட்டு, படிக்கவைத்து, வடிவைப் பிளஸ் டூ வரைக்கும் கொண்டுவந்ததே ஹாஸ்டல்தான். ஆறு வயசில் தகரப்பெட்டியோடு போய் இறங்கியவள். அவளைப் பெற்றவர்களும் அப்போது தோட்டத்து வேலைக்குத்தான் போயிருந்தார்கள். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அவளே சொன்னாள்.

"மொத வருசம் லீவுக்குக் கூட்டினு வந்தாங்க மேடம். வூட்டு வாசல்ல எங்க சித்தியும் அம்மாவும் நின்னுனு இருந்தாங்க. நான் ஓடிப்போய் சித்தியைக் கட்டிக்கினு அம்மான்னு கூப்ட்டேன். எங்கம்மா திரும்பிக்கினாங்க. உள்ள போய்ட்டாங்க."

நான் டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டேன். யார் எதிரிலும் அழுவது எனக்குப் பிடிக்காது.

ஆக, சீட் என்றால் வடிவுக்கு அதுதான் அர்த்தம். அது எனக்கும் நன்றாகத் தெரியும். தெரிந்துதான் நான் செய்ததைச் செய்தேன்.

வேலைக்கு ஒரு மார்க் உண்டு. ஒரே ஜோடி எங்களைப்போல நாலைந்து மையத்துக்குப் போகும். எல்லாரும் குறித்ததோடு ஒருத்தியின் பதில் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று வாரா வாரம் கணக்கு வரும். ஒப்பு மார்க் என்று நாங்கள் சொல்வோம். அது இரண்டு வாரம் தொடர்ந்து எழுபதுக்குக் கீழே போனால் சீட் காலி. நாலு வாரம் வடிவுக்கு எண்பதுக்கு மேலேயே வந்தது. ஐந்தாம் வாரம் மூடுபனி உருப்படி கட்டுக்கட்டாக வந்தது. திங்கட்கிழமை மார்க்கைத் திறந்தால் வடிவுக்கு அறுபத்திநாலு.

மூடுபனி எல்லாவற்றையும், எது யார் என்று வடிவையே கேட்டுக்கொண்டு, எடுத்துப் பார்த்தேன். ஈரக்கையம்மா அதை மெதுவாக, காதுக்கு எட்டியும் எட்டாமலும் வாசித்திருந்தார். மூச்சுக்காரர் வேகமாக ஓட்டியிருந்தார், நடுநடுவே உச்சியில் சுள்ளென்று ஒரு சத்தம் வேறு. மற்ற ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் ஈரக்கையம்மாதான் மூடுபனி என்று குறித்திருந்தார்கள். வடிவு ஒருத்தி மட்டும் ஒவ்வொரு தடவையும் மூச்சுக்காரர் என்று குறித்திருந்தாள்.

"ஏம்மா, பனின்னா மெதுவா, அமைதியா இருக்கும். சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

வடிவு என்னை ஒரு பார்வை பார்த்தாள். "கீழ அப்டி இருக்கும் மேடம். மேல பனி மெதுவாவா வருது? அந்தச் சரிவுல கீறப்ப பாத்தா, தல திரும்பறதுக்குள்ள வூட்டாண்ட வந்துடுது. வந்துட்டா யாராச்சும் சும்மா இருப்பாங்களா? ஆடு ஓட்டிம்போனவங்க ஓஓய்னு கொரல் குடுப்பாங்க. இந்தப் பக்கம் கீறவங்க பதிலுக்கு ஓஓய்னுவாங்க. கொரல் நின்னுப்போச்சின்னா வழி தப்பிடுச்சின்னு அர்த்தம். மூச்சுக்காரரு மேல மேல அடிக்கிறாரே, அது அந்தக் கொரல்தான். பனி எறங்குனா மலையில சத்தம் ஜாஸ்தி மேடம், கம்மி இல்ல."

"ஆமா மேடம்" என்றாள் பாஞ்சாலை. "எனக்கும் அப்டித்தான் பட்டுது."

"அப்புறம் நீ ஏன் ஈரக்கையம்மான்னு குறிச்சே?"

"எல்லாரும் அத்ததான் போடுவாங்கன்னு போட்டேன். மார்க்கு தான மேடம்."

பாருங்கள், பாஞ்சாலைக்கு எண்பத்தொன்பது! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பாஞ்சாலை மேல் இல்லை, வடிவு மேல். வேன் வர இன்னும் பத்தே நாள் இருந்தது. இவள் என்னவோ பனியைப் பற்றி நியாயம் பேசிக்கொண்டிருக்கிறாள்.

"இதோ பார் வடிவு" என்றேன். "நீ சொல்றது தப்பு. நானும் கேட்டேன். மெதுவா வாசிக்கிறதுதான் பனி. பனி மட்டும் இல்ல, எல்லாத்துலயும் நீ கொஞ்சம் முரடாவே குறிக்கிறே. இந்த வாரம் பூரா எது மென்மையோ அதையே போடு. தமிழரசி ஹாஸ்டலுக்குப் போகணுமா வேணாமா?"

அவள் முகம் மாறிவிட்டது. "நீங்க கேட்டீங்களா மேடம்? உங்களுக்கு அப்டியா கேட்டுது?"

"ஆமாம்கிறேன்."

அந்த வாரம் முழுக்க வடிவு பேசவே இல்லை. கொண்டையைக்கூட அவிழ்க்கவில்லை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது ஜோடி முடித்தாள். மூச்சுக்காரர் வந்தார் என்றோ காய்தட்டி வந்தார் என்றோ ஒரு வார்த்தை கிடையாது. வேலை ஜோராக நடக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த திங்கட்கிழமை ஒப்பு மார்க் எண்பத்தாறு. நானே கடைக்குப் போய் ஆறு பேருக்கும் டீயும் பன்னும் வாங்கிவந்தேன்.

டீ குடித்து டம்ளர் கழுவுமுன் மெயில் வந்தது. வடிவின் சீட்டை நிறுத்திவைத்திருக்கிறோம், அவர் கேட்காமலே பதில் குறிக்கிறார் என்று சந்தேகிக்கிறோம், கையேடு பத்தொன்பதாம் பக்கம் பார்க்கவும்.

பத்தொன்பதாம் பக்கத்தை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒப்பு மார்க் மட்டுமில்லை, இன்னொரு மார்க்கும் உண்டாம். முன்னால் கேட்ட ஜோடிகளையே இடது வலது மாற்றி, தெரியாமல் மறுபடி அனுப்பிவைப்பார்களாம். அன்றைக்குச் சொன்ன பதிலையே இன்றைக்கும் சொல்கிறாளா என்று பார்ப்பார்களாம். அதில் வடிவுக்கு ஐந்து வாரமும் நூற்றுக்கு நூறு. மலையில் மட்டுமில்லை, எந்த மையத்திலும் அப்படி ஒருத்தர் கிடையாது. ஆறாம் வாரம் முப்பத்தெட்டு. பாஞ்சாலை முதலிலிருந்தே மென்மைப் பக்கமே குறித்துவந்ததால் அவளுக்கு ஒரு சேதாரமும் இல்லை.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நிஜமாகவே அடித்துக்கொண்டேன், பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். நல்லது செய்கிறேன் என்று நினைத்து அவள் சீட்டை நானே பிடுங்கிப் போட்டிருந்தேன்.

அதே பக்கத்தில் கடைசி வரியில், நீக்கப்படுபவரை மேற்பார்வையாளர் முன்னிலையில் ஒருமுறை நேராக விசாரிக்கக் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தது. உடனே கேட்டு எழுதினேன். புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு வீடியோவில் வருகிறோம் என்றார்கள். வேன் வியாழக்கிழமை. சக்கரவர்த்தி தமிழரசிக்குப் பெட்டி வாங்கிவைத்துவிட்டார் என்று பாஞ்சாலை வந்து சொன்னாள்.

புதன்கிழமை வடிவு கொண்டையை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன். பேச்சில் யாரையும் சமாளித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு திமிர் உண்டு; அன்றைக்கும் இருந்தது. திரையில் வந்தவர் பெயர் பிரகாஷ். இளவயசு, மரியாதையாகப் பேசினார்.

"பயப்படாதீங்கம்மா. ரெண்டு கிளிப் போடறேன். கேட்டுட்டு உங்களுக்குத் தோணறதைச் சொல்லுங்க" என்றார்.

போட்டார். மூடுபனி. வடிவு கண்ணை மூடிக்கொண்டாள். நாலு நொடிதான்.

"மொதல்ல வந்தது மூச்சுக்காரரு. ரெண்டாவது ஈரக்கையம்மா."

பிரகாஷுக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் கீழே குனிந்து எதையோ பார்த்தார். பிறகு கேட்காமலே இன்னும் ஆறு கிளிப் போட்டார், வேறு வேறு தலைப்பு. ஆறில் ஐந்தை வடிவு ஆள் பேரோடு சொன்னாள். ஒன்று மட்டும், "இவரு புதுசு, நான் கேட்டதில்ல" என்றாள்.

"அது போன வாரம்தான் சேர்த்தோம்" என்றார் பிரகாஷ். குரலே மாறிவிட்டது. "சரிம்மா. முதல்ல போட்ட ரெண்டுல எது பனி?"

வடிவு என் பக்கம் திரும்பவில்லை. "மூச்சுக்காரருதான் சார்" என்று சொல்லிவிட்டு, ஆடு ஓட்டப்போனவர்கள் குரல் கொடுப்பதையும் பதில் குரலையும் எனக்குச் சொன்ன மாதிரியே சொன்னாள். பிரகாஷ் எழுதிக்கொண்டார்.

"அப்போ போன வாரம் ஏன் மாத்திக் குறிச்சீங்க? யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல சார். நானேதான் மாத்திட்டேன்."

"நீங்களேவா?"

"ஆமா சார். பயந்துட்டேன்."

பிரகாஷ் பேனாவைக் கீழே வைத்தார். "அப்படின்னா கேட்டதை விட்டுட்டு வேற குறிச்சிருக்கீங்க. இதுக்கு நான் ஒண்ணும் பண்ணமுடியாதும்மா" என்றார். வருத்தமாகத்தான் சொன்னார். வடிவு தலையை ஆட்டினாள். அவள் கை கொண்டை ஊசிகளை எடுக்கப் போய்விட்டது.

"நான்தான் சார் மாத்தச் சொன்னேன்" என்றேன்.

"மேடம், நீங்க சும்மா இருங்க" என்றாள் வடிவு.

"நீ சும்மா இரு."

பிரகாஷ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டார். "மேடம், ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நீங்க ரெண்டையும் கேட்டு, உங்க காதுக்கு மெதுவா வாசிச்சதுதான் பனின்னு பட்டு, அதனால மாத்தச் சொல்லியிருந்தா அது திருத்தம். மேற்பார்வையாளர் திருத்தம்தான் நிக்கும். அவங்க முதல் அஞ்சு வாரம் குறிச்சது தப்புன்னு ஆயிடும், சீட்டும் போயிடும். அப்படி இல்லாம, காதுல ஒண்ணும் படாமலே சொல்லியிருந்தா, கெட்டது அந்த ஒரு வாரம் மட்டும்தான். அதைத் தள்ளிடலாம், அவங்க இருக்கலாம். ஆனா வித்தியாசம் தெரியாத ஒருத்தரை இந்த வேலைக்கு மேற்பார்வைக்கு வெச்சுக்க முடியாது. நீங்க எப்படிச் சொன்னீங்க?"

கூடம் முழுக்கப் பெண்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று வருஷமாக நான் அதட்டி வேலை வாங்கியவர்கள். இவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் எல்லாம் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்று எத்தனை தடவை என் வாயாலேயே சொல்லியிருப்பேன்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

"கேட்டேன் சார்" என்றேன். "பத்துத் தடவை கேட்டேன். இப்ப நீங்க போட்டப்பவும் கேட்டேன். எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேட்குது. பனியும் ஒண்ணாத்தான் இருக்கு, மணியும் ஒண்ணாத்தான் இருக்கு. வேகமா மெதுவா, சத்தமா சன்னமான்னு வேணா சொல்லுவேன். அதுக்கு மேல ஆறு வாரமா எனக்கு எதுவுமே தெரியல."

"சரி மேடம்" என்றார் பிரகாஷ். "சொன்னதுக்கு நன்றி." திரை அணைந்தது.

அன்றைக்கு மதியமே பதில் வந்துவிட்டது. வடிவு தொடரலாம், ஆறாம் வாரப் பதில்கள் மட்டும் ரத்து. மையத்துக்கு வேறொரு மேற்பார்வையாளர் வருவார். வியாழக்கிழமை வேனில் சக்கரவர்த்தி தனியாக ஏறினார். அப்பாவை அனுப்பிவிட்டுத் தமிழரசி பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகப் போனாளாம், டீச்சர் திட்டினாராம்.

சனிக்கிழமை நான் அறையைக் காலிசெய்துகொண்டு ஜீப்புக்கு வந்து நின்றேன். வடிவு என் பையைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தாள். நன்றி சொல்வாள், கொஞ்சம் அழுவாள், நான் இரண்டு அதட்டு அதட்டி அனுப்பிவைக்கவேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். ஜீப் ஹாரன் கேட்டதும் அவள் பையைக் கீழே வைத்தாள்.

"அன்னிக்கி நீங்க மாத்துன்னு சொன்னீங்க இல்ல மேடம், கேட்டுட்டுதான் சொல்றீங்கன்னு நெனச்சேன். இம்மா படிச்சவங்க காதுக்கு அப்டி கேக்குது, எங்காதுதான் கெட்டுப்போச்சின்னு பயந்துட்டேன். அந்த ஒரு வாரம் எனக்கு ஒண்ணுமே கேக்கல, தெரியுங்களா? மூச்சுக்காரரு மூச்சுகூடக் கேக்கல. உங்களுக்குக் கேக்கலன்னு அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் ஏன் மேடம் பயப்படப்போறேன்?"

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். பையை எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன்.